பரபக்கத்தில் குடியேறியவளுக்கு

கேள்வி: ஐயா, எனக்கு இருபத்தாறு வயது. ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். சிறு வயதிலேயே தாத்தா சைவ சித்தாந்தத்தின் மூலநூலான சிவஞானபோதம் சொல்லிக்கொடுத்தார். பன்னிரண்டு சூத்திரமும் இன்றும் மனப்பாடம். சென்னையில் தத்துவம் முதுகலை படித்தபோது பௌத்தத் தத்துவவாதி நாகார்ஜுனரிடம் மனம் போயிற்று, பிறகு விட்கென்ஸ்டைனிடம். போன மாதம் முனைவர் பட்ட ஆய்வுக்கான நேர்காணலில், “நீங்கள் எந்த மரபைச் சேர்ந்தவர்? ஒரு வார்த்தையில் சொல்லுங்கள்” என்றார்கள். “இன்னும் முடிவு செய்யவில்லை” என்றேன். ஒருவர் சிரித்துவிட்டார். இடம் கிடைக்கவில்லை. வீட்டில் வந்து சொன்னேன். “பரபக்கத்திலேயே, பிறர் கொள்கையிலேயே, போய்க் குடியேறிவிட்டாயே, உனக்குச் சொந்த வீடு எது?” என்று கேட்டுவிட்டுத் தாத்தா இலையை விட்டு எழுந்துவிட்டார். தத்துவவாதிகள் தங்களை யார் என்று சொல்லிக்கொள்கிறார்கள்? எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்தவளுக்கு என்ன பெயர்? அடுத்த நேர்காணலுக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது.

பதில்:

அம்மா,

நேர்காணலில் ஒருவர் சிரித்ததைவிட, தாத்தா இலையை விட்டு எழுந்ததுதான் என்னைத் தைத்தது. ஆகவே இந்தப் பதில் உங்கள் இருவருக்கும் சேர்த்து. படித்து முடித்ததும் அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

நேர்காணலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் தத்துவம் நடத்தியவன் நான். அந்த மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். ‘எந்த மரபு’ என்று கேட்பதில் தவறே இல்லை. யார் உங்களுக்கு நெறியாளராக இருக்க முடியும், எந்த மொழி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், எந்த நூல்களோடு ஐந்தாண்டு இருக்கப்போகிறீர்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிய வேண்டும். ‘ஒரு வார்த்தையில்’ என்றதுதான் தவறு. சிரித்தது அதைவிடப் பெரிய தவறு. நீங்கள் செய்த தவறும் ஒன்று உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரு வார்த்தைப் பதிலால் என்ன ஆகும் என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு விழாவில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். எடுத்த எடுப்பிலேயே, “நான் ஓர் அத்வைதி” என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினேன். கூட்டம் முடிந்து தாமிரபரணிப் படித்துறையில் கால் நனைத்துக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “தம்பி, அத்வைதி என்றீர்களே, எந்த அத்துவிதம்?” என்றார். எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. அவர் ஆட்காட்டி விரலை ஆற்றில் நனைத்து, படிக்கல்லில் ‘தாள்’ என்று எழுதினார். கொஞ்சம் இடம் விட்டுத் ‘தலை’ என்று எழுதினார். கீழ்ப்படியில் ‘தாடலை’ என்று எழுதினார். “இது ஒரு சொல்லா, இரண்டு சொல்லா?” என்றார். உச்சி வெயில். நான் யோசிக்க யோசிக்கக் கல்லில் எழுத்து காய்ந்துகொண்டே வந்தது. கடைசியாக ‘டலை’ மட்டும் ஈரமாக நின்றது நினைவிருக்கிறது.

ஒன்று என்று சொல்லவும் முடியவில்லை, உள்ளே இரண்டு இருக்கின்றன. இரண்டு என்று சொல்லவும் முடியவில்லை, ள-வும் த-வும் கலந்து ட-வாகிப் பிரிக்க இடமில்லாமல் நிற்கின்றன. உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் ஆளும் உவமை இது. அத்துவிதம் என்பதில் துவிதம் என்றால் இரண்டு. அதன் முன்னால் நிற்கும் ‘அ’ என்ற முன்னொட்டுக்கு இன்மை என்று பொருள் கொண்டால் இரண்டாவது பொருளே இல்லை என்றாகிறது. அது சங்கரர் வழி. அன்மை என்று பொருள் கொண்டால் இரண்டும் உண்டு, ஆனால் இரண்டாகப் பிரிந்து நிற்பதில்லை என்றாகிறது. அது சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் வழி. இராமானுஜர் வழி விசிட்டாத்வைதம். வல்லபர் தம் வழிக்குச் சுத்தாத்வைதம் என்று பெயர் வைத்தார். நம் சைவர்களும் தங்களுடையதைச் சுத்தாத்துவிதம் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். ஒரே சொல்லைப் பங்கு போட்டுக்கொண்டு இத்தனை பேர் நிற்கிறார்கள். ‘நான் அத்வைதி’ என்று அறிவித்துவிட்டு நான் அந்தக் கூட்டத்துக்குச் சொன்னது என்ன? ஒன்றுமே இல்லை. அன்றிலிருந்து அந்தப் பெரியவர் எனக்கு ஆசிரியர்; அவர் காலமாகும் வரையில் வாரத்துக்கு ஒரு நாளாவது அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவேன்.

பெயர்கள் எப்படி வருகின்றன என்பதைக் கொஞ்சம் பாருங்கள். உங்கள் கலக்கம் பாதி குறையும். கிட்டத்தட்ட கி.மு. 300-இல் ஏதென்ஸ் சந்தைவெளியை ஒட்டிய ஓவியத் தூண் மண்டபம் ஒன்றில் ஜீனோ பாடம் சொன்னார். கேட்கப் போனவர்களை முதலில் ஜீனோவின் ஆட்கள் என்றுதான் சொன்னார்களாம். பிறகு ஆசிரியர் பெயர் உதிர்ந்து, ஸ்டோவா என்ற அந்த மண்டபத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது, ஸ்டோயிக்குகள் ஆனார்கள். நெல்லையப்பர் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் உட்கார்ந்து ஒருவர் பாடம் சொல்லி, கேட்டவர்களுக்கெல்லாம் ‘மண்டபத்தார்’ என்று பெயர் வந்ததைப் போல. கொள்கை என்னவென்று அந்தப் பெயர் சொல்வதே இல்லை. அவர்கள் எங்கே கூடினார்கள் என்பதை மட்டும்தான் சொல்கிறது.

எதிராளி வைத்த பெயர்கள் இன்னும் அதிகம். சங்கரர் வழியில் நின்ற யாரும் தன்னை மாயாவாதி என்று சொல்லிக்கொண்டதில்லை; அது பக்கத்து வீட்டார் வைத்த பெயர். ஹீனயானம், அதாவது ‘சிறிய வண்டி’, என்று தன் மார்க்கத்துக்கு எந்தப் பிக்குவும் பெயர் வைத்திருக்க மாட்டார். புளோட்டினஸ் தன்னைப் பிளேட்டோவை விளக்குபவராகத்தான் நினைத்தார். ‘புதிய’ பிளேட்டோவியம் என்று பிரித்துச் சொன்னது பதினைந்து நூற்றாண்டு கழித்து வந்த ஐரோப்பிய அறிஞர்கள். கண்ணால் காண்பதையே நம்பும் உலகாயதர் நிலை இன்னும் பரிதாபம். அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை அவர்களை மறுத்தவர்கள் வாயிலிருந்தே பெரும்பாலும் கேட்க வேண்டியிருக்கிறது. தாத்தா சொன்ன பரபக்கத்தில், அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரில் பதினான்கு கொள்கைகளை நிறுத்தி மறுக்கும் அந்தப் பகுதியில், முதலில் வந்து நிற்பவன் உலகாயதன்தான். தமிழ்நாட்டில் அவன் குரலைக் காப்பாற்றி வைத்திருப்பது அவனை மறுத்த நூல்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

பெயரிலிருந்து தப்பி ஓடியவர்களும் உண்டு. 1945-இல் ஒரு பேட்டியில் ஆல்பெர் காம்யு, தான் இருத்தலியல்வாதி அல்ல என்று தெளிவாகச் சொன்னார். இன்றும் பாடப்புத்தகங்கள் அவரை அந்த அத்தியாயத்தில்தான் வைக்கின்றன. அதே ஆண்டு சார்த்ர், முதலில் விலகி நின்ற அதே பெயரை ஏற்றுக்கொண்டு பாரிசில் அதற்காக ஒரு சொற்பொழிவே ஆற்றினார். அமெரிக்கத் தத்துவவாதி சார்லஸ் பியர்ஸ், தான் தொடங்கி வைத்த பிராக்மாட்டிசம் என்ற சொல்லை மற்றவர்கள் கண்டபடி புழங்குவதைப் பொறுக்காமல், 1905-இல் தன் கொள்கைக்குப் பிராக்மாட்டிசிசம் என்று பெயரை மாற்றினார். யாரும் திருடிக்கொண்டு போகாத அளவுக்கு அழகில்லாத பெயர் என்று அவரே எழுதினார். பிரெஞ்சு நாட்டுச் சீடர்கள் சிலரைப் பார்த்து, ‘நான் மார்க்சியவாதி இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்’ என்று மார்க்ஸ் சொன்னதாக எங்கெல்ஸ் கடிதங்களில் இருக்கிறது.

இவர்களெல்லாம் பெயரை வெறுத்தவர்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தன் சிந்தனையில் எது முக்கியம் என்று தெரிந்தவனுக்குத்தான் பெயர் எங்கே பொருந்தவில்லை என்பது தெரியும். சட்டை எங்கே இறுக்குகிறது என்பது போட்டவனுக்குத் தெரிவதைப் போல. உங்களுக்கு அது இன்னும் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். இதுவும் அந்தத் திண்ணையில் கற்றதுதான்.

ஆசிரியர் வீட்டு முற்றத்தில் ஒரு செம்பருத்தி நின்றது. ஒரு நாள் ஒரு பூவைப் பறித்துவந்து திண்ணையில் வைத்தார். கழுத்தில் கிடந்த ஸ்படிக மாலையைக் கழற்றிப் பூவின் மேல் சாய்த்தாற்போல வைத்தார். பூவைத் தொட்டுக்கொண்டிருந்த நான்கு மணிகள் சிவந்தன. நான்காவது மணியில் சிவப்பு பாதிதான் ஏறியிருந்தது. அதற்கு அப்பால் உள்ளவை எப்போதும்போல வெளுப்பாக இருந்தன. “மணி சிவப்பா?” என்று கேட்டார்.

பளிங்கும் செம்பூவும் இந்தியத் தத்துவத்தில் மிகப் பழைய உவமை. சாங்கியன் இதைக் காட்டிச் சொல்வான்: சிவப்பு பூவினுடையது, பளிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை, புருடன், அதாவது உயிர், எதையும் பற்றாதவன். அத்வைதியும் இதையே காட்டிச் சொல்வார்: அந்தச் சிவப்பு ஏற்றிவைத்துப் பார்த்த பொய்த் தோற்றம், பூவை எடுத்தால் உண்மை தெரியும். மெய்கண்டார் மரபும் இதே பளிங்கைத்தான் எடுக்கிறது. ஆனால் சொல்வது வேறு. தன்னைச் சார்ந்ததன் நிறத்தை வாங்கிக்கொள்வதே பளிங்கின் இயல்பு. கருங்கல்லின் மேல் பூவை வைத்துப் பாருங்கள், கல் சிவக்காது. பளிங்கு சிவக்கிறது என்றால் அது பளிங்கின் தன்மை. உயிரும் அப்படித்தான்: தன்னைக் கட்டும் அழுக்கான மலத்தைச் சார்ந்தால் மலத்தின் வண்ணம், சிவத்தைச் சார்ந்தால் சிவத்தின் வண்ணம். ‘சார்ந்ததன் வண்ணமாதல்’ என்று தாத்தா உங்களுக்கு நூறு முறை சொல்லியிருப்பார். உங்கள் நாகார்ஜுனரை அந்தத் திண்ணைக்குக் கூப்பிட்டிருந்தால் இன்னும் ஒரு படி போயிருப்பார் என்று நான் நினைக்கிறேன்: சிவப்புக்குத் தனி இயல்பு இல்லை என்கிறீர்கள், சரி, பளிங்குக்கு மட்டும் தனி இயல்பு எங்கிருந்து வந்தது?

பூ ஒன்று, மணி ஒன்று. பார்த்தவர் எல்லோரும் பார்த்தது ஒன்றையே. யாரும் மற்றவரைவிடக் கூடுதலாக ஒரு பொருளைக் கையில் வைத்திருக்கவில்லை. பூவை எடுத்துவிட்ட பிறகு என்ன மிச்சம் என்ற இடத்தில்தான் வழி பிரிகிறது. ஒரு தத்துவவாதியின் அடையாளம் அந்தப் பிரிகிற இடத்தில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். எந்தக் கேள்வியில் நீங்கள் பக்கத்திலிருப்பவரை விட்டுத் திரும்புகிறீர்கள், ஏன் திரும்புகிறீர்கள், அதைச் சொல்லிவிட்டால் பெயரை மற்றவர்கள் வைத்துக்கொள்வார்கள்.

இதற்கு நம் ஊர்க்காரர் ஒருவரைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. நான் அத்வைதி என்று அறிவித்தேனே, அதே விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர் சிவஞான முனிவர். சிறுவனாகத் திருவாவடுதுறைத் தம்பிரான்களோடு புறப்பட்டுப் போய், சிவஞானபோதத்துக்கு மாபாடியம் என்ற பேருரை எழுதி, 1785-இல் மறைந்தார். சைவ சித்தாந்தம் மற்ற கொள்கைகளைத் தன்னிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து நான்கு வட்டமாக வைத்திருக்கிறது, உங்களுக்குத் தெரியும்: புறப்புறம், புறம், அகப்புறம், அகம். உலகாயதரும் பௌத்தரும் சமணரும் வெளிவட்டத்தில். அகச்சமயத்தார் கிட்டத்தட்ட வீட்டு மனிதர்கள். சிவஞான முனிவருடைய எழுத்தில் மிகக் கூரானது யாருக்கு எதிராகப் போயிற்று என்று பாருங்கள். நாத்திகனுக்கு எதிராக அல்ல. சிவஞானசித்தியாருக்கு உரை எழுதிய ஞானப்பிரகாசர் என்ற இன்னொரு சைவருக்கு எதிராக. அவரும் திருநெல்வேலிக்காரர்தான், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி. முத்தியில் உயிர் சிவத்தோடு சமமாகிவிடுகிறதா, அப்போதும் சிவத்தைச் சார்ந்தே நிற்கிறதா என்ற ஒரு கேள்விக்காக ‘சிவசமவாத உரை மறுப்பு’ என்று ஒரு நூலே எழுதினார். வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு இருவரும் திருநீறு பூசிய சைவத் துறவிகள். அவர்களுக்கு மட்டும் தெரியும் எந்த ஓர் அங்குலத்தில் பிரிகிறோம் என்பது.

உலகாயதனோடு சண்டை போடுவது சுலபம். உங்களைப் பற்றி அது எதையும் சொல்லாது. உங்களுக்கு மிக நெருக்கமானவரோடு நீங்கள் ஒத்துப்போக முடியாத இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

எல்லாக் கதவையும் தட்டினவளுக்கு என்ன பெயர் என்று கேட்டீர்கள். வடமொழியில் ஒரு நல்ல பெயரே இருக்கிறது: சர்வதந்திர ஸ்வதந்திரர். எல்லாச் சாத்திரத்திலும் சுதந்திரமாக உலவக் கூடியவர் என்று பொருள். வாசஸ்பதி மிசிரருக்கு அந்தப் பட்டம் உண்டு. நியாயத்துக்கு உரை எழுதும்போது நையாயிகராக, சாங்கியத்துக்கு எழுதும்போது சாங்கியராக, மீமாம்சைக்கு எழுதும்போது மீமாம்சகராக, சங்கர பாடியத்துக்குப் பாமதி எழுதும்போது அத்வைதியாக எழுதினார். ஒவ்வொன்றிலும் அந்தந்த வீட்டாரே இன்றும் அவரை எடுத்துவைத்துப் படிக்கிறார்கள். பதினாறாம் நூற்றாண்டில் அப்பைய தீட்சிதர் அத்வைதத்தில் ஊன்றி நின்றபடியே, ஸ்ரீகண்டரின் சைவப் பாடியத்துக்குச் சிவார்க்கமணி தீபிகை எழுதினார். அவர் வழிவந்த ஒரு குடும்பம் நம் பத்தமடையில் இருந்தது. 1887-இல் அந்தக் குடும்பத்தில் பிறந்து, மருத்துவராக மலேயாவுக்குப் போய், பிறகு ரிஷிகேசத்தில் துறவியாக அமர்ந்தவர்தான் சுவாமி சிவானந்தர்.

இன்னும் பக்கத்தில் பார்க்க வேண்டுமா? அபிஷேகப்பட்டியில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த சுந்தரம் பிள்ளை, திருவனந்தபுரத்தில் மேல்நாட்டுத் தத்துவம் கற்பித்த பேராசிரியர். அவருடைய ஞானாசிரியர் கோடகநல்லூர்ச் சுந்தர சுவாமிகள். ஆங்கிலக் கதை ஒன்றைத் தழுவி 1891-இல் அவர் செய்த மனோன்மணீய நாடகத்தில் சுந்தரர் என்றே ஒரு முனிவரை உலவவிட்டார். கல்லூரியில் ஒரு மரபு, கோடகநல்லூரில் இன்னொரு மரபு, எழுத்தில் தமிழ். மூன்றில் எதையும் அவர் மறைத்துக்கொள்ளவில்லை.

ஆனால் அம்மா, இவர்கள் யாரும் கதவைத் தட்டிவிட்டு வாசலிலிருந்தே திரும்பியவர்கள் இல்லை. உள்ளே போய், அந்த வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, அந்த வீட்டுக் கணக்கைப் பார்க்கும் அளவுக்கு இருந்தவர்கள். நீங்கள் நாகார்ஜுனரை எந்த மொழியில் படித்தீர்கள் என்று எழுதவில்லை. ஆங்கிலத்தில் மட்டும் என்றால், இன்னும் வாசலில்தான் இருக்கிறீர்கள் என்று தயங்காமல் சொல்வேன். வடமொழி கற்கத் தொடங்குங்கள். இருபத்தாறு வயது அதற்குத் தாமதம் இல்லை.

இங்கேதான் உங்கள் தவறுக்கு வருகிறேன். ‘இன்னும் முடிவு செய்யவில்லை’ என்றீர்கள். நாகார்ஜுனர் விக்கிரக வியாவர்த்தனியில், எனக்கு ஒரு கொள்கை இருந்தால்தானே அந்தக் குற்றம் என்னைச் சேரும், எனக்குக் கொள்கையே இல்லையே என்கிறார். அந்த வரியின் நிழலில் நீங்கள் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. எதிராளி எழுப்பக்கூடிய தடைகளை ஒன்றுவிடாமல் முன்னால் அடுக்கிவைத்துவிட்டு அவர் சொன்ன சொல் அது. முடிவெடுக்காமல் இருப்பதும், கொள்கை என்ற ஒன்றே தேவையில்லை என்று வாதாடி நிறுவுவதும் ஒன்றல்ல. முன்னது நின்ற இடம், பின்னது போய்ச் சேர்ந்த இடம். நீங்கள் நிற்கும் இடத்துக்கு வேறு சொல் வேண்டும்.

அந்தச் சொல் உண்டு. 2009-இல் டேவிட் போர்ஜே, டேவிட் சால்மர்ஸ் என்ற இருவர், பெரும்பாலும் ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் 99 தத்துவத் துறைகளைத் தேர்ந்து, முப்பது அடிப்படைக் கேள்விகளை அங்கிருந்த பேராசிரியர்களிடம் கேட்டார்கள். 931 பேர் பதில் சொன்னார்கள். கடவுள் உண்டா, சுதந்திர இச்சை உண்டா, புற உலகம் உண்டா என்ற வகைக் கேள்விகள். எனக்குப் பிடித்தது விடைகளின் அமைப்பு. ‘ஏற்கிறேன்’ என்பது ஒன்று. ‘அந்தப் பக்கம் சாய்கிறேன்’ என்பது தனியாக இன்னொன்று. வாழ்நாள் முழுவதும் இதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கே அந்த இரண்டாவது கட்டம் தேவைப்பட்டது. மறைந்த தத்துவவாதிகளில் யாரோடு உங்களை அடையாளப்படுத்திக்கொள்வீர்கள் என்றும் கேட்டார்கள். முன்னால் நின்றவர்கள் ஹியூம், அரிஸ்டாட்டில், கான்ட். அந்த ஹியூமோ, தன்னை உள்ளே தேடிப் பார்த்தபோது ஒரு ‘நான்’ அகப்படவில்லை, புலனுணர்வுகளின் கட்டுதான் அகப்பட்டது என்று எழுதியவர்.

சாய்வு என்பதைத்தான் நம் மரபு சார்பு என்கிறது. நேர்காணலில் ‘சாய்கிறேன்’ என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். எந்தக் கேள்வியில், எவ்வளவு, எதனால் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

பகுப்பாய்வுத் தத்துவமா, ஐரோப்பியக் கண்டத்துத் தத்துவமா என்றும் கேட்பார்கள். நீங்கள் விட்கென்ஸ்டைனைப் படித்ததால் கட்டாயம் கேட்பார்கள். இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். ஒன்று முறையின் பெயர், மற்றது நிலத்தின் பெயர். கார்களை முன்சக்கர இயக்கம் உள்ளவை, ஜப்பானில் செய்தவை என்று இரண்டாகப் பிரிப்பதைப் போன்றது இது என்று பெர்னார்டு வில்லியம்ஸ் சொன்னார். விட்கென்ஸ்டைன் பிறந்தது வியன்னாவில், கற்பித்தது கேம்பிரிட்ஜில். அவர் எழுதிய முதல் நூலைப் பிற்காலத்தில் அவரே கடுமையாக விமரிசித்தார். அவர் பெயரைச் சொன்னால், எந்த விட்கென்ஸ்டைன் என்பதையும் கூடவே சொல்லுங்கள்.

சரி, அந்த மேசையின் முன்னால் என்ன சொல்வது? நானாக இருந்தால் இப்படிச் சொல்வேன்: “ஒரு பொருளுக்கு, குறிப்பாக உயிருக்கு, மற்றொன்றைச் சாராத சொந்த இயல்பு உண்டா என்பதுதான் என் கேள்வி. இதைச் சிவஞானபோதத்தின் வழியாகத் தமிழில் கற்றேன். நாகார்ஜுனர் வழியில் நிற்கும் மாத்தியமிகரிடம் அதே கேள்விக்கு வேறு விடையைக் கண்டேன். இரண்டும் சார்பைப் பற்றியே பேசுகின்றன; ஒன்று சார்கிற உயிர் உண்டு என்கிறது, மற்றது சார்பு மட்டுமே உண்டு என்கிறது. இப்போதைக்கு நான் இந்தப் பக்கம் சாய்கிறேன், காரணம் இது.” எந்தப் பக்கம் என்பதை நீங்கள்தான் நிரப்ப வேண்டும், அந்த இடத்தில் நான் கை வைக்க மாட்டேன். இதைக் கேட்டுவிட்டும் ஒரு வார்த்தைப் பெயர் வேண்டும் என்று அடம்பிடிக்கும் இடமானால், அது உங்களுக்கு உதவும் இடமா என்று நீங்களும் யோசிக்க வேண்டும்.

ஆய்வுத் தலைப்பும் இதற்குள்ளேயே இருக்கிறது. பரபக்கத்தில் பௌத்தர் நால்வர் வருகிறார்கள், மாத்தியமிகன் அவர்களில் ஒருவன். அருணந்தியார் அவன் வாதத்தை எடுத்துச் சொல்லி மறுக்கிறார். எடுத்துச் சொன்னது நாகார்ஜுனர் சொன்னதுதானா, எங்கே சுருங்கியிருக்கிறது, மறுப்புக்கு மாத்தியமிகன் என்ன பதில் சொல்லியிருப்பான், அதற்குச் சித்தாந்தி மறுபடி என்ன சொல்ல முடியும்? தமிழும் வடமொழியும் இரண்டும் தெரிந்து, இரண்டு பக்கமும் அன்பு வைத்த ஒருவர் செய்ய வேண்டிய வேலை இது. அப்படிப்பட்டவர்கள் அதிகம் பேர் இல்லை. நீங்கள் இருக்கிறீர்கள்.

இனி தாத்தாவுக்கு.

ஐயா, உங்கள் பேத்தி பரபக்கத்தில் குடியேறிவிட்டாள் என்று வருந்துகிறீர்கள். பரபக்கத்தை எழுதியவர் அங்கே எவ்வளவு காலம் குடியிருந்திருப்பார் என்பதை எண்ணிப் பாருங்கள். பதினான்கு பேருடைய வாதத்தையும் அவரவர் வாயால் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு மறுப்பதற்கு, அந்தப் பதினான்கு வீட்டிலும் படுத்து எழுந்திருக்க வேண்டாமா? பிறன்கோள் கூறாமல் தன்கோள் நிறுவும் வழக்கம் நம் மரபில் இல்லை. தன்கோளைச் சொல்லும் சுபக்கத்துக்குப் போகிற பாதையே பரபக்கம் வழியாகத்தான் போகிறது.

அருணந்தியாரின் வரலாறு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் சொல்ல ஆசையாக இருக்கிறது. சகலாகம பண்டிதர் என்று பட்டம் பெற்ற முதியவர், மெய்கண்டாரின் குலகுரு. நேற்றுப் பிறந்த பிள்ளை பாடம் சொல்கிறானாம் என்று கோபத்தோடு வந்தார். ஆணவ மலத்தின் சொரூபம் என்ன என்று கேட்டார். பிள்ளை வாய் திறக்கவில்லை. நின்ற பெரியவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தது. அவ்வளவுதான். பண்டிதர் அந்தக் காலில் விழுந்தார். ‘சகலாகம பண்டிதர்’ என்ற பெயர் அந்த நொடியில் அவரை விட்டுப் போயிற்று. சித்தியார் அதற்குப் பிறகு பிறந்தது. நம் சந்தானத்தின், அதாவது குரு வரிசையின், இரண்டாம் குரவரே, உள்ள பெயரைக் கழற்றி வைத்த பிறகுதான் அந்த இடத்துக்கு வந்தார். பன்னிரண்டு சூத்திரத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டு நாகார்ஜுனரைப் படிக்கும் ஒரு பெண் கையில் பெயர் இல்லாமல் வந்து நிற்கிறாள் என்றால், அவளை அன்று இலையில் உட்காரவைத்திருக்கலாம் ஐயா.

அம்மா, உங்களுக்கு ஒரு வேலை. தாத்தாவிடம் ஸ்படிக மாலை இருக்கும். நாளைக் காலை ஒரு செம்பருத்தியைப் பறித்துக்கொண்டு போய் அவர் முன்னால் வையுங்கள். மணி சிவந்ததும் பூவை எடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “தாத்தா, மலத்தையும் சாராமல் சிவத்தையும் சாராமல் உயிர் தனியாக நிற்கிற நேரம் ஒன்று உண்டா? அந்த நேரத்தில் அதற்கு என்ன நிறம்?” அவர் ‘அப்படி ஒரு நேரமே கிடையாது’ என்பார் என்று நினைக்கிறேன். அப்படிச் சொன்னால், நாகார்ஜுனர் எழுந்து அவர் பக்கத்தில் வந்து உட்காரும் தூரம் எவ்வளவு என்று அவரையே அளக்கச் சொல்லுங்கள். அவர் சொல்லும் விடையை அவர் வார்த்தையிலேயே எழுதி எனக்கு அனுப்புங்கள். நேர்காணலுக்கு முன்னால் வந்து சேரட்டும்.